ஆங்கில வரலாற்றுச் சொற்களும் நம் பிள்ளைகளும்

ஆங்கிலச் சொல்லை இடப்பக்கத்தில் எழுதி, அதன் தமிழ்ப் பொருளை வலப்பக்கத்தில் எழுதி, பத்து முறை சொல்லிப் பார்த்து நெட்டுருச் செய்யும் முறை நம் தமிழ்ப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. அம்முறையால் விளைந்த நன்மை சிறிதன்று. தோட்டப் பள்ளிகளில் அவ்வாறு படித்தவர்களே பின்னர் ஆசிரியர்களாகவும் மருத்துவர்களாகவும் வழக்கறிஞர்களாகவும் உயர்ந்தார்கள். நாற்காலி, குடை, மழை, மாம்பழம் முதலிய சொற்களுக்கு அம்முறை போதும். எந்த மொழியில் பெயர் சொன்னாலும் குடை குடைதான். ஆனால், வரலாற்றுப் பாடத்தை ஒட்டி வரும் ஆங்கிலச் சொற்களுக்கு, குறிப்பாக ஐரோப்பியர் இந்நாட்டில் ஆட்சி அமைத்த காலத்தைப் பற்றிய சொற்களுக்கு, அம்முறை போதாது என்பது என் கருத்து. அச்சொற்கள் ஆட்சி செய்தவர்கள் ஆக்கியவை. நிலத்தை எடுத்துக்கொண்டவர்கள் ஒரு பெயர் வைத்தார்கள். அந்நிலத்தில் வேலை செய்தவர்களிடம் வேறொரு பெயர் இருந்தது. நம் பிள்ளைகள் முதற்பெயரை மட்டும் மனனம் செய்துகொண்டு, இரண்டாவதை அறியாமலே பள்ளியை விட்டு நீங்குகிறார்கள்.

'செட்டில்மெண்ட்' என்னும் சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்றையும் 1826 ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் ஓராட்சியின்கீழ் இணைத்து, 'ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மெண்ட்ஸ்' எனப் பெயரிட்டனர். அகராதியைப் பார்த்தால் 'குடியேற்றம்' என்று இருக்கும். குடியேற்றம் என்றவுடன் பிள்ளையின் மனத்தில் எழும் காட்சி யாது? ஆளரவமற்ற காடு, அதை வெட்டித் திருத்தி வீடு கட்டும் வெள்ளையர், இவ்வளவுதான். ஆனால் மலாக்காவோ பெரும் துறைமுகமாகவும் சுல்தானகத்தின் தலைநகரமாகவும் விளங்கி, 1511 ஆம் ஆண்டில் போர்த்துகீசியர் கையிலும், 1641 ஆம் ஆண்டில் டச்சுக்காரர் கையிலும் விழுந்து, 1824 ஆம் ஆண்டு உடன்படிக்கையினால் ஆங்கிலேயர் வசமாயிற்று. அங்கே மலாக்காச் செட்டிகள் எழுப்பிய பொய்யாத விநாயகர் ஆலயம் 1781 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பிரான்சிஸ் லைட் 1786 ஆம் ஆண்டில் பினாங்கில் கொடியேற்றுவதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே அவ்வாலயத்தில் மணி ஒலித்துக்கொண்டிருந்தது. அவ்வூரைக் 'குடியேற்றம்' என்றால், குடியேறியவர் யார்? ஏற்கெனவே குடியிருந்தவர் யார்?

மலாய்மொழிப் பாடநூலில் இம்மூன்று இடங்களுக்கும் 'நெகெரி-நெகெரி செலாட்' என்று பெயர். நீரிணை மாநிலங்கள் என்பது அதன் பொருள். குடியேற்றம் என்னும் கருத்தே அதில் இல்லை. ஆங்கிலப் பெயரும் மலாய்ப் பெயரும் ஒரே இடத்தையே குறிப்பன. எனினும், ஒன்று வந்தவர் கண்ணால் பார்க்கிறது, மற்றொன்று இருந்தவர் கண்ணால் பார்க்கிறது. இரண்டு மொழியையும் கற்கும் நம் மாணவனுக்கு இவ்வேறுபாடு கையெட்டும் தூரத்தில் கிடக்கிறது. ஒருவர் எடுத்துக் காட்டினால் போதும்.

அதே சொல்லுக்கு வேறு பொருளும் உண்டு. கடன் கணக்கைத் தீர்ப்பதும், வழக்கைப் பேசி முடிப்பதும் 'செட்டில்மெண்ட்'தான். "தகராறு செட்டில் ஆகிவிட்டது" என்று நாமே நாள்தோறும் பேசுகிறோம். பினாங்கின் கதையில் இவ்விரு பொருளும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. சயாமியருக்கு எதிராகத் தமக்குப் படைத்துணை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் கெடா சுல்தான் தீவில் இடம் கொடுத்தார். கம்பெனியார் தீவில் அமர்ந்தார்கள், துணை வரவில்லை. 1791 ஆம் ஆண்டில் சுல்தான் தீவை மீட்க முயன்று தோற்றார். அதன்பின் ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி தருவதாக ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. 1800 ஆம் ஆண்டில் இன்றைய செபராங் பிறையும் சேர்க்கப்பட்டபோது அது 10,000 வெள்ளியாக உயர்ந்தது. குடியேற்றமும் அதுவே, கணக்குத் தீர்த்த முறையும் அதுவே. இக்கதையைச் சொல்லிவிட்டு அச்சொல்லை எழுதச் சொன்னால், எந்தப் பிள்ளைதான் மறக்கும்?

சிங்கப்பூர்க் கதையிலும் இத்தகைய சொற்கள் சில உள. 1819 ஆம் ஆண்டு உடன்படிக்கையில் ஆங்கிலேயர் பெற்றது ஒரு 'பேக்டரி' அமைக்கும் உரிமை. இன்றைய மாணவன் புகைபோக்கியும் இயந்திரமும் உள்ள தொழிற்சாலையை நினைத்துக்கொள்வான். அக்காலத்தில் அச்சொல் வணிகப் பண்டகசாலையைக் குறித்தது. அப்பண்டகசாலை 1824 ஆம் ஆண்டிற்குள் முழுத் தீவாகிவிட்டது. ராபிள்ஸைப் 'பவுண்டர்', அதாவது நிறுவியவர், என்பார்கள். அவருடன் அதே 1819 ஆம் ஆண்டில் பினாங்கிலிருந்து கப்பலேறி வந்த நாராயண பிள்ளை, செங்கற்சூளை அமைத்தும், 1827 இல் மாரியம்மன் ஆலயத்திற்கு வித்திட்டும் அவ்வூரை உருவாக்கியவர்களுள் ஒருவர். அவருக்கு அப்பட்டம் கிட்டவில்லை. 2019 ஆம் ஆண்டில், இருநூறாம் ஆண்டு நினைவையொட்டி, சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ராபிள்ஸின் சிலையோடு நாராயண பிள்ளை உள்ளிட்ட நால்வரின் சிலைகள் வைக்கப்பட்டன என்பது மகிழ்ச்சிக்குரியது. ஒரு சொல்லின் எல்லையை விரிக்க இருநூறு ஆண்டுகள் ஆயின!

'ரெசிடெண்ட்' என்னும் சொல்லையும் விரைந்து பார்த்துவிடுவோம். ஆங்கிலப் பாடத்தில் அதற்குக் 'குடியிருப்பவர்' என்று பொருள். வரலாற்றுப் பாடத்திலோ, 1874 ஆம் ஆண்டு பங்கோர் உடன்படிக்கையினால் பேராக்கிற்கு வந்த ஆங்கில அதிகாரியின் பதவிப் பெயர். அவர் ஆலோசகர் என்றே அழைக்கப்பட்டார். ஆனால், சமயமும் மலாய் வழக்கமும் நீங்கலாக எல்லாவற்றிலும் அவ்வாலோசனையைக் கேட்டு அதன்படியே நடக்க வேண்டும் என்பது நிபந்தனை. மறுக்க முடியாததற்கு ஆலோசனை என்று பெயரா? முதல் ரெசிடெண்டான பர்ச், மறு ஆண்டே பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்ட வரலாற்றை விளங்கிக்கொள்ள, இவ்வொரு சொல்லை விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

இனி நம் வாசலுக்கே வருவோம்.

'பிளான்டேஷன்' என்றால் தோட்டம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அச்சொல் மனிதர்களை ஓரிடத்தில் கொண்டுபோய் நடுவதையும் குறித்தது. ஐயர்லாந்து நாட்டின் அல்ஸ்டர் பகுதியில் 1609 ஆம் ஆண்டு முதல் வெளியாரைக் குடியமர்த்திய செயலுக்குப் 'பிளான்டேஷன்' என்றே பெயர். 'காலனி' என்பதும் அத்தகையதே. இலத்தீன் மொழியில் 'கொலோனியா' என்பது உழுது பயிரிடுதலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்தது. ஆக, ஆளுதலைக் குறிக்கும் இவ்விரு சொற்களும் மண்ணைக் கிளறும் தொழிலிலிருந்து வந்தவை. ஆனால் மலேயாவில் மண்ணைக் கிளறியவர் யார்?

இங்கேதான் 'பிளான்டர்' என்னும் சொல் வருகிறது. 'டீச்சர்' என்றால் கற்பிப்பவர், 'டிரைவர்' என்றால் வண்டி ஓட்டுபவர், 'டேப்பர்' என்றால் மரம் சீவுபவர் எனப் பிள்ளைகள் கற்கிறார்கள். அம்முறைப்படி 'பிளான்டர்' என்றால் நடுபவர் என்றே பொருள்பட வேண்டும். நட்டவர்களோ நம் பாட்டன் பாட்டிமார். பிளான்டர் எனப்பட்டவர், நம்மவர் 'பெரிய துரை' என்று அழைத்தவர், மண்வெட்டியைத் தொட்டவரல்லர். இலக்கண விதி தவறாத ஆங்கிலச் சொல்தான். செயலும் பெயரும் மட்டும் வேறு வேறு ஆள்களிடம் இருக்கின்றன. இதை ஒரு குறையாகச் சொல்லிப் புலம்ப வேண்டியதில்லை. நான்காம் ஆண்டு மாணவனிடம் 'யார் நட்டார்?' என்று கேட்டால் போதும், அவனே கண்டுபிடித்துவிடுவான்.

'கூலி' என்னும் சொல்லைப் பற்றிக் கூறாமல் இருக்க முடியாது. அஃது ஆங்கில அகராதியில் இடம்பெற்ற சொல். நம்மைப் பழிக்கப் பயன்பட்ட சொல். ஆகவே பெற்றோர் பலர் அச்சொல்லைப் பிள்ளைகளின் காதில் விழாமல் மறைக்கவே விரும்புகின்றனர். யூல், பர்னெல் என்னும் இருவர் 1886 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஹாப்சன் ஜாப்சன்' என்னும் பேரகராதியில் இதற்கு நீண்ட விளக்கம் உண்டு. (பர்னெல் தஞ்சையில் நீதிபதியாக இருந்தவர்.) குஜராத்தில் வாழும் கோலி என்னும் இனத்தாரின் பெயரிலிருந்து வந்தது என்பாரும், தமிழ்க் 'கூலி'யிலிருந்து வந்தது என்பாரும், இரண்டும் கலந்தது என்பாரும் உளர். எவ்வாறாயினும், தமிழில் கூலி என்பது உழைப்புக்குரிய ஊதியம். கூலி வாங்குபவன் கூலியாள். ஆங்கிலத்திற்குப் போனதும் ஆள் மறைந்தான். ஊதியத்தின் பெயரே மனிதனின் பெயராயிற்று. அவன் வயிற்றுப்பாட்டுக்காக நாளொன்றுக்கு எண்ணிக் கொடுத்த காசும், அவனும் ஒன்றென்று ஆகிவிட்டது. இதைச் சொல்லிக் கொடுத்தால், அச்சொல்லை எவனேனும் வசையாக வீசும்போது நம் பிள்ளை தலை கவிழ வேண்டிய தேவையில்லை. அது தன் மொழியின் நல்ல சொல் என்றும், அதைக் கெடுத்தவர் வேறு என்றும் அவன் அறிவான்.

மறைத்து வைப்பதால் வசை மறைந்துவிடாது. தெரியாத பிள்ளைக்கே அது ஆழமாகத் தைக்கும்.

'இன்டென்ச்சர்' என்பது ஒப்பந்தம். இலத்தீனில் பல்லைக் குறிக்கும் சொல்லே இதன் மூலம். ஒரே தாளில் ஒப்பந்தத்தை இருமுறை எழுதி, நடுவே பல் பல்லாக வெட்டி, ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வார்களாம். இரு பாதியும் பொருந்தினால் உண்மை. எழுதப் படிக்கத் தெரிந்த இருவருக்கு இது நல்ல ஏற்பாடு. கைநாட்டு வைத்துவிட்டுக் கப்பலேறியவருக்கு அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று எப்படித் தெரியும்? அம்முறையில் மலேயாவிற்கு ஆள் சேர்ப்பது 1910 ஆம் ஆண்டில் நின்றது. கங்காணி வழியாக ஆள் வருவது 1938 ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் தடை விதிக்கும் வரை நடந்தது. நாகப்பட்டினத் துறையில் ஏறும்போது அவர் 'எமிக்ரண்ட்', வெளியேறுபவர். பினாங்குத் துறையில் இறங்கும்போது 'இமிக்ரண்ட்', உள்ளே வருபவர். ஒரே மனிதர், ஒரே மூட்டை. அதே கடலைக் கடந்து வந்த வெள்ளையருக்கோ 'செட்லர்', 'பயனீர்' என்னும் பெயர்கள் காத்திருந்தன.

நம் தோட்டத்துப் பேச்சில் உள்ள இரண்டு சொற்களைப் பாருங்கள். வீட்டு வரிசையை 'லயம்' என்கிறோம். படைவீரர்களின் குடிசை வரிசைக்கு இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர் வைத்த 'லைன்ஸ்' என்னும் பெயரே அது. விடியுமுன் ஆள் கணக்கு எடுக்கும் இடத்தைப் 'பெரட்டு' என்கிறோம். அது 'பரேட்' என்னும் படை அணிவகுப்பு. தோட்டம் எவ்வாறு நடத்தப்பட்டது என்பதைப் பற்றி எத்தனையோ நூல்கள் எழுதியிருக்கிறார்கள். எழுத்தறியாத நம் பாட்டிமார் இவ்விரண்டு சொற்களிலேயே அதைச் சேமித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்! இவை எந்தப் பாடநூலின் சொற்பட்டியலிலும் இல்லை.

1941 ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலை நிறுத்தம் நடந்தது. கூலி உயர்வு மட்டும் அவர்கள் கேட்டதன்று. துரையோ தோட்டத்து அதிகாரியோ எதிரே வந்தால் மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கத்தையும் ஒழிக்கக் கோரினர். படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். ஆட்சியாளர் ஏடுகளில் இத்தகைய நிகழ்ச்சிகளுக்கு வழங்கிய சொல் 'டிஸ்டர்பன்ஸ்', குழப்பம். மிதிவண்டியில் அமர்ந்தபடியே செல்ல விரும்பியது யாருக்குக் குழப்பம்?

'எமர்ஜென்சி' என்பதும் அவ்வாறே. 1948 முதல் 1960 வரை பன்னிரண்டு ஆண்டுகள் நடந்ததை 'அவசரகாலம்' என்கிறோம். அக்காலத்தில் காட்டோரம் வாழ்ந்தோர் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரைப் புதுக்கிராமங்களுக்கு மாற்றிய செயலின் பெயர் 'ரீசெட்டில்மெண்ட்', மறுகுடியேற்றம். தோட்டத்து லயங்களையும் ஒன்றாகச் சேர்த்து முள்கம்பி வேலியிட்டனர். சில வட்டாரங்களில் வேலைக்காட்டிற்குச் சோறு எடுத்துச் செல்லவும் தடை இருந்தது. எண்பது வயதைக் கடந்த நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு 'எமர்ஜென்சி' என்றால் பசித்த வயிற்றோடு மரம் சீவியதுதான் நினைவுக்கு வரும். அவர்கள் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். பல்லாண்டுகள் இருப்பார்கள் என்று சொல்வதற்கில்லை.

"ஐயா, எங்கள் பிள்ளை ஆங்கிலம் கற்பது நல்ல வேலைக்குப் போவதற்காக. பழைய கதையை ஏன் கிளறுகிறீர்கள்?" எனப் பெற்றோர் சிலர் கேட்கக் கூடும். நியாயமான கேள்வி. மழையிலும் பனியிலும் பால் வாளி சுமந்த கைகள் கேட்கும் கேள்வி. அதை யாம் மதிக்கிறோம். ஆயினும், ஒரு சொல்லின் இரு பொருளையும் அறிந்தவன், ஒரு பொருளை மட்டும் அறிந்தவனைவிட ஆங்கிலத்தில் வல்லவனாவான் அன்றோ? இப்படிக் கற்பதால் ஆங்கிலம் குறைவதில்லை, கூடுகிறது. பிள்ளைகளின் நெஞ்சில் வெறுப்பை வளர்த்துவிடும் என்பாரும் உண்டு. அவ்வச்சம் எனக்கில்லை. மேற்கண்ட உடன்படிக்கைகளைச் செய்தவரும் முறித்தவரும் மறைந்து தலைமுறைகள் பல ஆயின. யாரையும் வெறுக்க அங்கே ஆளில்லை. படித்தறிய மட்டும் நிறைய உண்டு.

மேலும் ஒன்று. தோட்டங்கள் மறைந்து வருகின்றன. ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை வந்தது. செம்பனையும் சாய்ந்து வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. லயங்கள் இடிக்கப்பட்டன. தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியதால் எழுந்த பள்ளிகள் பல, இன்று பட்டணத்தை நோக்கி நகர்ந்துவிட்டன. அவ்வாழ்வைப் பற்றி எழுத்தில் எஞ்சியிருப்பவற்றுள் பெரும்பகுதி தொழிலாளர் இலாகாவின் ஆண்டறிக்கை, கம்பெனிக் கணக்கு, செக்ரோல் ஆகியவை. அவை ஆங்கிலத்தில் உள்ளன. நம் பேரப்பிள்ளைகள் தம் முன்னோரைத் தேடிச் செல்லும் நாளில், அவ்வேடுகளைத்தான் புரட்டியாக வேண்டும். 'கூலி', 'லைன்ஸ்', 'இமிக்ரண்ட்', 'டிஸ்டர்பன்ஸ்' என்னும் சொற்கள் அங்கே வரிசையாக நிற்கும். அவற்றை வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு அவ்வேடு வெறுந்தாள். அப்படியே நம்பிவிடும் பிள்ளைக்கோ, தன் பாட்டனாரைப் பற்றிப் பிறர் சொன்னது மட்டுமே வரலாறாகிவிடும்.

ஆகவே, ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். வரலாற்றுச் சொற்களுக்கான குறிப்பேட்டில் இரண்டு பத்திக்குப் பதிலாக மூன்று பத்தி இடுவோம். முதலாவதில் ஆங்கிலச் சொல், இரண்டாவதில் அகராதிப் பொருள். மூன்றாவதை வகுப்பில் நிரப்ப வேண்டாம். வீட்டுக்குக் கொண்டு போகட்டும். தாத்தா, பாட்டி, பெரியப்பா, அண்டை வீட்டு அத்தை, எவரையேனும் கேட்டு, அதை அவர்கள் என்னவென்று அழைத்தார்கள், அப்போது என்ன நடந்தது என்று இரண்டே வரி எழுதி வரட்டும். எழுத்துப் பிழையைத் திருத்துங்கள். பாட்டி சொன்ன சொல்லைத் திருத்தாதீர்கள்.

பெற்றோர்க்கும் தோட்டத்துப் பெரியவர்க்கும் வேறொரு வேண்டுகோள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்று பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். மூன்றாவது பத்திக்கு ஆங்கிலம் தேவையில்லை. பெரட்டில் பெயர் கூப்பிட்ட முறை, காண்டா தோளில் அழுத்திய இடம், மழைநாளில் மங்கு கவிழ்த்து வைத்த வேலை, ஆயாக்கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டு ஓடிய ஓட்டம், இவற்றைச் சொல்லுங்கள். பழைய வேலை அட்டையோ, கப்பல் சீட்டோ, சம்பளச் சீட்டோ பெட்டியின் அடியில் இருந்தால் பிள்ளையிடம் காட்டுங்கள். அதில் உள்ள ஆங்கிலத்தை அவன் உங்களுக்குப் படித்துக் காட்டட்டும். அதில் எழுதாமல் விட்டதை நீங்கள் அவனுக்குச் சொல்லுங்கள்.